பின்னச்சு எண்ணெயும் எண்ணெய்த் திமிங்கிலமும்

சாலையில் ஒரு லாரியின் பின்னால் செல்ல நேரும்போது, அதன் பின்சக்கரங்களுக்கு நடுவில் குடம் போலப் புடைத்துத் தொங்கும் இரும்புக் கூட்டைப் பலரும் பார்த்திருப்போம். டிஃபரன்ஷியல் என்பது அதன் பெயர். என்ஜினின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதுவோர்கூட இதை எளிதில் கடந்துவிடுகிறார்கள். அதனுள் கிடக்கும் எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயினும், வேகத்துக்கென்றே செய்யப்படும் கார்களில் அந்த எண்ணெயைத் தேர்வது ஏறக்குறைய நூறாண்டுகளாகத் தொடரும் ஒரு சிக்கல். அதற்கு ஒரு காலத்தில் கிடைத்த நல்ல விடை கடலிலிருந்து வந்தது. அதற்குரிய விலையைக் கொடுத்தது வேறோர் உயிரினம். அந்த வரலாற்றையே இங்கு நாம் பார்க்க விரும்புகிறோம்.

வளைவு தந்த சிக்கல்

வளைவில் திரும்பும் வண்டியின் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட தொலைவைக் கடந்தாக வேண்டும். மாட்டுவண்டியில் இது ஒரு தொல்லையே அன்று. இழுப்பவை மாடுகள், சக்கரங்கள் அச்சின் இரு முனைகளிலும் தனித்தனியே சுழல்கின்றன. சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும் என்ற நிலை நீராவி வண்டிகளோடு வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. இரு சக்கரங்களையும் ஓர் அச்சில் இறுகப் பிணைத்தால், திருப்பத்தில் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். விசையை இரண்டுக்கும் அனுப்பவும் வேண்டும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும்.

பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் தம் நீராவி வண்டிக்காக இதற்குரிய பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் அதை மூன்று சக்கர மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். 1886-இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டியிலும் அது இருந்தது. அந்நாளைய வண்டிகளின் ஆற்றல் குறைவு. பல்சக்கரங்களுக்குக் கெட்டியான கனிம எண்ணெயோ விலங்குக் கொழுப்புக் கலந்த பசையோ போதுமானதாக இருந்தது. எண்ணெய் என்பது தேய்மானத்தைத் தடுக்கும் ஒரு வழுவழுப்பு. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

தாழ்ந்த தளமும் உயர்ந்த அழுத்தமும்

1920களின் நடுவில் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரிலுள்ள கிளீசன் நிறுவனம் 'ஹைப்பாய்டு' எனும் புதிய பல்சக்கர முறையை உருவாக்கியது. பினியன் எனப்படும் சிறு பல்சக்கரத்தின் அச்சு, கிரவுன் வீல் எனப்படும் பெரிய பல்சக்கரத்தின் நடு மட்டத்துக்கு நேராக அமையாமல் சற்றுக் கீழே தள்ளி அமைந்தது. இதனால் என்ஜினிலிருந்து பின்னோக்கி வரும் தண்டும் தாழ்ந்தது. காரின் தளமும் தாழ்ந்தது. பற்கள் அதிகப் பரப்பில் ஒன்றையொன்று தழுவியதால் ஓசை குறைந்தது, வலிமை கூடியது. 1926-27 வாக்கில் பேக்கார்டு நிறுவனம் இதைத் தன் கார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னாளில் பின்சக்கர இயக்கக் கார்கள் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே வழக்கமாயிற்று.

இந்த நன்மைகளுக்கு ஓர் எதிர்விளைவும் இருந்தது. பழைய முறையில் பற்கள் ஒன்றன்மீதொன்று பெரிதும் உருண்டன. ஹைப்பாய்டில் அவை நீளவாட்டிலும் வழுக்கிச் சறுக்கின. பெரும் அழுத்தத்தில் சறுக்கும்போது எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடுகிறது. இரும்போடு இரும்பு நேரே உரச, அந்தப் புள்ளி ஒரு கணம் கொதித்துப் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்கிறது. மறுகணம் பிய்ந்து வருகிறது. சில மைல்களிலேயே பற்கள் கீறிச் சிதைந்துபோகும்.

வேதியியலாளர்கள் கண்ட விடை விந்தையானது. கந்தகம், குளோரின், ஈயச் சோப்பு போன்றவற்றை எண்ணெயில் சேர்த்தார்கள். சூடேறிய அந்தப் புள்ளியில் மட்டும் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமொன்றை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அப்படலம் கிழிந்து உதிரும். வேறு விதமாகச் சொன்னால், இது அளவோடு அனுமதிக்கப்பட்ட அரிப்பு. கொஞ்சம் அரிக்கவிட்டுப் பெரிய அழிவைத் தடுப்பது. கியர் எண்ணெய்க் குப்பியைத் திறந்ததும் மூக்கைத் தாக்கும் நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையதே.

அமெரிக்க இராணுவம் தன் வாகனங்களுக்காக 1950-இலும் 1962-இலும் இதற்கென விதிமுறைகளை வகுத்தது. குப்பிகளின் மேல் நாம் காணும் ஜிஎல்-4, ஜிஎல்-5 ஆகிய தரங்கள் அவற்றை ஒட்டி வந்தவை. ஹைப்பாய்டு பின்னச்சுக்கு உரியது ஜிஎல்-5. அதன் அடர்ந்த கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால், பித்தளை வளையங்கள் கொண்ட பழைய கியர் பெட்டிகளில் அதை ஊற்றக் கூடாது என்பார்கள். எண் உயர்ந்தால் தரமும் உயரும் என்று எண்ணுவது இங்கு பொருந்தாது. ஓரிடத்தின் மருந்து மற்றோரிடத்தின் நஞ்சு.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

டிஃபரன்ஷியலுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. ஒரு சக்கரம் சேற்றிலோ பனியிலோ பிடிமானம் இழந்தால், அது வீணே சுழல, மறுசக்கரம் தள்ளும் வலுவை இழந்துவிடும். ஆற்றல் மிகுந்த கார்களில் இது உலர்ந்த சாலையிலும் நிகழும். 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஆட்டோ யூனியனுக்காக வடிவமைத்த பந்தயக் காரின் ஒரு பின்சக்கரம், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் வழுக்கிச் சுழன்றதாகச் சொல்லப்படுகிறது. 1935-இல் அவர் ஜெர்மனியின் ஸிஎஃப் நிறுவனத்திடம் சென்று, இந்த வழுக்கலுக்கு எல்லை கட்டும் அமைப்பைச் செய்வித்தார். 'லிமிடட் ஸ்லிப்' என்ற வகை இவ்வாறு பந்தயத்தில் வேரூன்றியது.

அமெரிக்கச் சாலைகளுக்கு அதன் வேறொரு வடிவத்தை 1956-இல் பேக்கார்டு கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் செவர்லேயின் 'பாசிட்ராக்ஷன்' முதலிய பெயர்களில் அது பரவியது. இதன் உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் தனியே ஓட முயன்றால், தட்டுகள் ஒன்றையொன்று பற்றி மறுசக்கரத்துக்கும் விசையைக் கடத்தும்.

இப்போது எண்ணெயிடம் நேர் எதிரான இரு கோரிக்கைகள் வைக்கப்பட்டன. பல்சக்கரங்கள் உராயாமல் காக்க வேண்டும். அதே கூட்டுக்குள் தட்டுகள் உராய்ந்து பிடிக்கவும் விட வேண்டும். அந்தப் பிடியும் மென்மையாக இருக்க வேண்டும். ஓய்ந்து நிற்கும்போதைய உராய்வு நகரும்போதைய உராய்வைவிட மிகுதியாக இருந்தால், தட்டுகள் ஒட்டி, விட்டு, மீண்டும் ஒட்டும். மெதுவாகத் திரும்பும் காரின் பின்புறம் கடகடவென்று அதிரும். இதைத் தணிக்க எண்ணெயில் சேர்க்கும் பொருளுக்கு உராய்வுத் திருத்தி என்று பெயர் சொல்லலாம். அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றி, மறுமுனையால் புல்வெளிபோல் நின்று சறுக்கலை எளிதாக்குகின்றன.

இந்த வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்த பொருள்களில் ஒன்று, எண்ணெய்த் திமிங்கிலத்தின் உடலில் இருந்தது.

கடலிலிருந்து வந்த விடை

ஹெர்மன் மெல்வில் 1851-இல் 'மோபி டிக்' நாவலில் எழுதிய திமிங்கிலம் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அன்று அதன் எண்ணெய் விளக்குகளுக்கும் மெழுகுவத்திகளுக்கும் போயிற்று. மண்ணெண்ணெய் வந்து திமிங்கிலங்களைக் காப்பாற்றியது என்று நம்மில் பலர் படித்திருக்கிறோம். வரலாறு அவ்வளவு இதமானதாக இல்லை. பாய்மரக் கப்பல்களின் இரு நூற்றாண்டுகளில் கொல்லப்பட்ட எண்ணெய்த் திமிங்கிலங்கள் மூன்று லட்சம் அளவில் இருக்கும் என்று கணிக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்டவை சுமார் 7,60,000. 1964 என்ற ஒரே ஆண்டில் 29,000-க்கு மேல். விளக்கின் காலத்தைவிட இயந்திரத்தின் காலமே கொடியதாக இருந்தது.

அந்த எண்ணெய் வேதியியலில் தனி வகை. பிற விலங்குகளின் கொழுப்பைப் போலன்றி, அது பெரும்பகுதியும் திரவ நிலையிலுள்ள மெழுகு. கந்தகத்தோடு வினைபுரியச் செய்தாலும் இறுகிவிடாமல் கனிம எண்ணெயில் நன்கு கரைந்து நின்றது. பல்லையும் காத்தது, தட்டையும் மென்மையாக்கியது. டிஃபரன்ஷியலுக்கும் தானியங்கிக் கியர் பெட்டிகளுக்கும் உரிய எண்ணெய்களில் அது இடம்பெற்றது. தோல், ஜவுளித் தொழில்களுக்கும் அது போனது. எனவே முழுப் பழியையும் கார்களின் மேல் சுமத்துவது சரியாகாது. எனினும், 1960களில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சீறிய கார்களின் பின்னச்சுக்குள் ஆழ்கடலின் ஒரு துளி இருந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவும் இயலாது. அதை ஓட்டியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

1970-இல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கிலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதி நின்றது. ஐரோப்பியச் சமூக நாடுகள் 1982 முதல் தடுத்தன. அதே ஆண்டில் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தி வைக்க வாக்களித்தது. இதற்கு மாற்றே கிடையாது என்று முன்னர் வாதிட்டவர்கள் இருந்தனர். ஆனால் மாற்றுகள் வந்தன. பன்றிக் கொழுப்பைக் கந்தகமேற்றினார்கள். செயற்கை எஸ்டர்களைத் தயாரித்தார்கள். அமெரிக்க, மெக்சிகோ பாலைவனங்களில் வளரும் ஹொஹோபா என்ற புதரின் விதையும் ஏறத்தாழ அதே வகைத் திரவ மெழுகைத் தந்தது. கடலின் ஆழத்தில் இருந்ததற்கு இணையானது பாலைவனத்தில் கிடைத்தது. தடை வந்த பிறகே தேடல் தீவிரமானது என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

இன்றைய தேர்வு

இந்த வரலாற்றை அறிந்தபின், வேகக் காருக்கு எந்த எண்ணெய் என்ற கேள்வி தெளிவடைகிறது. உள்ளே எந்த வகை டிஃபரன்ஷியல் இருக்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் இருந்தால் உராய்வுத் திருத்தி வேண்டும். சில எண்ணெய்களில் அது முன்பே கலந்திருக்கும், சிலவற்றில் தனியே சேர்க்க வேண்டும். மிகுந்தால் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும், குறைந்தால் அதிரும். தட்டுகளே இல்லாமல் பல்சக்கர உராய்வால் மட்டும் இயங்கும் டார்சன் வகைக்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. பிஎம்டபிள்யூ கார்களில் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு எஸ்ஏஎஃப்-எக்ஸ்ஓ என்றும், வழுக்கலுக்கு எல்லை கட்டும் வகைக்கு எஸ்ஏஎஃப்-எக்ஸ்ஜே என்றும் இரு எண்ணெய்கள் குறிக்கப்பட்டது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பெயரில் ஓரெழுத்தே வேறு.

பிசுப்பு அடுத்தது. 75டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதையும், இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. பந்தயத் தடத்தில் நெடுநேரம் கொதிக்கும் பின்னச்சுக்கு 140 பொருந்தலாம். அன்றாடச் சாலையில் அதே கெட்டி, என்ஜினின் உழைப்பைச் சூடாக்கி வீணடிக்கும். 2005-இல் இடைப்பட்ட 110, 190 என்ற படிகளும் சேர்க்கப்பட்டன. காரைச் செய்தவர் தரும் கையேட்டைத் தாண்டிச் செல்வோர், ஏன் தாண்டுகிறோம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

புதிய எண்ணெய் ஊற்றியபின் வெற்றுத் திடலில் எட்டு போட்டு மெதுவாகச் சுற்றிவரச் சொல்வார்கள். தட்டுகளுக்கு இடையே எண்ணெய் ஊறுவதற்கான வழக்கம் அது. ஒருகாலத்தில் அங்கே ஊறியதில் ஒரு பேருயிரின் பங்கும் கலந்திருந்தது. இன்று அது இல்லாமலேயே கார்கள் முன்னைவிட விரைவாகவும் நெடுங்காலமும் ஓடுகின்றன. வேறு வழியே இல்லை என்று நமக்குச் சொல்லப்படும் பல தேவைகளின் முன், இந்தச் சிறிய இரும்புக்குடத்தின் கதையை நினைத்துக்கொள்ளலாம்.