குப்பைச் சாறு பாசனத்துக்கு ஆகுமா?

சாக்கடை நீரில் பயிர் வளர்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. சென்ற நூற்றாண்டில் கொடுங்கையூரில் நகரத்துச் சாக்கடையைப் பாய்ச்சி மாட்டுத்தீவனப் புல் வளர்த்தார்கள். அப்படியிருக்க, தாம்பரம் பக்கத்துக் குப்பைக் கிடங்குகளில் கசியும் கறுப்புச் சாற்றையும் செடிகளுக்கு விட்டால் என்ன என்று கேட்பது இயல்புதான். ஆனால் அந்தப் பழைய அனுபவம் இதற்குப் பொருந்தாது. சாக்கடை நீர் வீடுகளிலிருந்து அன்றாடம் வருவது. குப்பைச் சாறோ, ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்குவதுபோல, பல ஆண்டுக் குவியலுக்குள் மழைநீர் ஊறி இறங்குவது. எச்சில் சோற்றோடு பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கிடக்கும் குவியலில் அம்மோனியா, உப்பு, உலோகம் எல்லாம் அதில் கரைந்து வரும்.

இந்தப் பகுதியின் குப்பை வரலாறு நீர்நிலைகளின் வரலாறும்கூட. பெருங்குடிக் கிடங்கு 1980களில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே, அடியில் தடுப்பு விரிப்பு ஏதுமின்றி உருவானது. சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையே குப்பைமேடானது. சாறு சேகரிக்கப்படவில்லை, கசிந்து பரவியது. 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள்தான் சுத்திகரித்த சாற்றுக்கு அளவுகோல் வகுத்தன. கரிமக் கழிவைக் காட்டும் பி.ஓ.டி., நீர்நிலையில் விடுவதற்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்தில் விடுவதற்கு 100. குளோரைடுக்கோ கணக்கு தலைகீழ்: நீர்நிலைக்கு 1000, நிலத்துக்கு 600. காரணம் எளிது. மண் கரிமத்தைச் செரித்துவிடும். உப்பைச் செரிக்காது, தேக்கி வைத்துக்கொள்ளும்.

சுவீடனில் குப்பைச் சாற்றை வில்லோ மரத் தோப்புகளுக்குப் பாய்ச்சுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவை விறகுக்கான மரங்கள், யாரும் உண்ணும் கீரை அல்ல. இங்கே பருவமும் ஒத்துழைக்காது. சென்னை மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. சாறு பெருகும் அந்த நாட்களில் முடிச்சூரில் வெள்ளத்தை வடிப்பதே பெரும்பாடு. பாசனம் யாருக்கு வேண்டும்? செடி வாடும் மே மாதத்திலோ சாறு குறைந்து, உப்பு கூடியிருக்கும். சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்தால் நல்ல நீர் கிடைக்கும் என்பதும் சரியே. ஆனால் பிரிந்து நிற்கும் அடர் உப்புநீரை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிஞ்சும். ஆகவே பழைய மேட்டுச் சாற்றைச் சுத்திகரிக்க வேண்டிய கழிவாகவே பார்க்க வேண்டும். பாசன நீராகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. செடிக்கு உரம் தேடுவோர் தொடங்க வேண்டிய இடம் வீட்டு வாசல்: மட்கும் குப்பையைத் தனியே வாங்கி உரமாக்கினால் சத்து மண்ணுக்குப் போகும், அதில் பேட்டரியின் உலோகம் கலக்காது.