ஊமைத்துரையைக் காப்பாற்றியது எது?

எட்டயபுரம் என்றதும் நமக்கு பாரதி ஞாபகம்தான் வரும். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக்காரர்களுக்கு அது எதிரியின் பெயர். எட்டயபுரம் பாளையம் அப்போது கம்பெனி பக்கம்.

அந்த வருஷம் மே 24-ல் கர்னல் அக்னியூவின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தது. தப்பி வெளியேறியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் பலத்த காயத்தோடு, கோட்டைக்குச் சுமார் மூன்று மைல் தள்ளி விழுந்து கிடந்தார்.

அடுத்து நடந்ததை, அந்தப் போரில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் கேள்விப்பட்டு, 1830-ல் வெளியான தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பக்கத்து ஊர்ப் பெண்கள், உயிரோடு யாராவது கிடக்கிறார்களா என்று தேடி வந்தார்கள். ஒரு தாய் தன் மகனையே ரத்த வெள்ளத்தில் கண்டாள். அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றானாம். சாமி என்றது ஊமைத்துரையை. அவரை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். பையன் அம்மை கண்டு செத்துட்டான் என்றதும் வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள். இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பூசி போடப்பட்டதே 1802-ல் பம்பாயில்தான். ஓடாமல் என்ன செய்வார்கள்?

சரி, அவ்வளவு காயத்தோடு அவர் எப்படிப் பிழைத்தார்?

பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தால் சில நிமிஷங்களில் உயிர் போயிருக்கும். பெண்கள் வரும்வரை மூச்சு இருந்ததென்றால், ரத்தம் தானாகவே உறைந்து கசிவு குறைந்திருக்க வேண்டும். ஆனால் அப்படியே விட்டிருந்தால் கரிசல் காட்டு மே மாத வெயிலும் தாகமும் போதும், ஆளை முடித்துவிடும். அன்று ராணுவ மருத்துவரிடம் போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. ஈதர் மயக்க மருந்து அறுவை சிகிச்சைக்கு வந்தது 1846-ல். புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் எழுதியது 1867-ல். ஆக, ஊமைத்துரைக்குக் கிடைத்த வைத்தியம் என்று பார்த்தால், தேடி வந்த கண்களும், தூக்கிய கைகளும், அசையாமல் படுக்க ஓர் இடமும்தான்.

பிழைத்தவர் மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி போரிட்டார். நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அந்தப் பெண்கள் வாங்கிக் கொடுத்தது ஆறு மாசத்துக்கும் குறைவான ஆயுள். ஆனால் அந்த ஆறு மாசம்தான் தென்சீமைக் கிளர்ச்சியின் உச்சம்.

இன்று 108-ஐ அழைக்கலாம். ஆனாலும் வண்டி வரும்வரை உள்ள நிமிஷங்கள் பக்கத்தில் நிற்பவர்கள் கையில்தான் இருக்கின்றன. சுத்தமான துணியை வெட்டுக்காயத்தின்மேல் வைத்து, பலமாக, விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சுற்றி நின்று வேடிக்கை பார்க்காமல் ஒருத்தர் குனிந்தால் போதும்.