பச்சை நூலகம் எங்களுக்குப் புதுசா?

"பச்சை நூலகம்" என்றதும் கூரையில் சோலர், உள்ளே எல்.ஈ.டி பல்ப், வாசலில் நாலு பூச்சாடி என்றுதான் பலருக்கு ஞாபகம் வரும். இதெல்லாம் வேண்டாம் எண்டு இல்லை. ஆனால் இதை வெளியில் இருந்து வந்த புதுச்சரக்காக மட்டும் பார்த்தால், எங்கட ஊர்களில் நூல்களைக் காப்பாற்றிய நீண்ட வரலாறு கண்ணில் படாமலே போய்விடும்.

ஏட்டில் தொடங்குவோம். ஓலை வெட்ட பனையைத் தறிக்கத் தேவையில்லை; அடுத்த வருசமும் அதே மரம் ஓலை தரும். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரியக் கரியும் இலைச்சாறும் பூசினார்கள். பூச்சிக்கு வேப்பிலை, வசம்பு. சரஸ்வதி பூசைக்கு ஏடுகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி அடுக்கியது பக்தி மட்டுமல்ல, வருசத்துக்கு ஒருக்கா நடந்த பராமரிப்பும்தான்.

இதைப் பொற்காலமாக்கவும் கூடாது. எங்கட வெக்கையிலும் ஈரத்திலும் ஓலை நிரந்தரமில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சிட்டவர். எடுத்தால் உதிர்கிற, கட்டவிழ்த்தால் முறிகிற ஏடுகளோடு பட்ட பாட்டை அவரே பதிப்புரையில் எழுதியிருக்கிறார். படியெடுக்க ஆளில்லாத வீட்டில் ஏடு செத்துப்போகும். அந்த ஏட்டைத் தொடுகிற உரிமையும் எல்லாருக்கும் இருக்கவில்லை; சாதியும் பாலும் குறுக்கே நின்றன.

அந்தக் கதவைக் கொஞ்சமாவது திறந்தது 20ஆம் நூற்றாண்டின் வாசிகசாலை. அங்கேயும் சாதி எட்டிப் பார்த்ததுதான். ஆனாலும் அதன் அமைப்பைக் கவனியுங்கள்: சின்னக் கட்டடம், அரைச்சுவர், நீட்டு மேசை, பகல் வெளிச்சம், காற்று. ஒரு பேப்பரை ஊரே வாசிக்கும். ஆக்கள் நடந்தோ சைக்கிளிலோ வருவினம். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது, ஏசியை நம்பிக் கட்டிய அறைகளில் இருக்க முடியாது. அரைச்சுவர் வாசிகசாலையில் பகலில் வாசிக்கலாம். எங்கட காலநிலைக்கு எது பொருத்தம் என்பதை அந்த வருசமே காட்டிவிட்டது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் போயின. எரித்தவர்களின் குற்றத்தை இது குறைக்காது. ஆனால் ஒரேயொரு பிரதி ஒரேயிடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அதைவிடக் கொடுமையாக எங்களுக்கு யாரும் படிப்பித்ததில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய வாசிகசாலை, ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திப் பல கைகளுக்குக் கொண்டுபோனது. காகிதம் மிச்சம் என்று அதோடு திருப்திப்பட ஏலாது: சேவர் ஓட மின்சாரம் வேணும், கோப்புகளையும் காலத்துக்குக் காலம் புதிய வன்தட்டுக்கு மாற்ற வேணும். ஏட்டுக்குப் படியெடுத்த அதே வேலைதான், கருவி மட்டும் வேறு.

ஆகவே நூலகத்தைப் பசுமையாக்க எண்டு காசு வந்தால், முதல் செலவு சோலருக்குத்தான் போகவேணும் எண்டில்லை. பூட்டிக் கிடக்கிற வாசிகசாலையின் ஓட்டை மாற்றுவது, யன்னலைத் திறக்கக்கூடியதாகத் திருத்துவது, அலுமாரியில் உக்குகிற பழைய சஞ்சிகைகளை ஸ்கான் பண்ணுவது எல்லாம் அதே கணக்கில் வர வேண்டியவைதான். பத்துப் பேர் வாசித்த ஒரு புத்தகம், பத்துப் பேர் தனித்தனியாக வாங்கிய பத்துப் புத்தகத்தைவிடக் குறைவாகவே பூமிக்குச் சுமை. அந்தக் கணக்கு வாசிகசாலைக்குப் போன எங்கட அப்பப்பாமாருக்குத் தெரிந்திருந்தது.