மெஸ்மெர் போட்ட கையெழுத்து

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரான்சு நாட்டுச் செய்திகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இந்த வயதிலும் விடவில்லை. அப்படிப் படித்தவற்றுள் மறக்காதது 1974 மார்ச் மாதத்துச் செய்தி.

அதற்கு முந்தைய அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர். கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. பிரான்சின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் எண்ணெயை எரித்துத்தான் கிடைத்தது. பிரதமர் பியேர் மெஸ்மெர், அணுமின் நிலையங்களை வரிசையாகக் கட்டுவதென்று அறிவித்தார். கட்டியது ஒரே அரசு நிறுவனம். உலைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. 1990 வாக்கில் முக்கால் பங்கு மின்சாரம் அணுவிலிருந்து வந்தது. கரியமில வாயுவும் குறைந்தது. ஆனால் அன்று அது யாருடைய நோக்கமும் அல்ல. எண்ணெய்க் கவலைதான் காரணம்.

ஒரு குறை உண்டு. நாடாளுமன்ற வாக்கெடுப்பு இல்லாமலே முடிவு எடுத்தார்கள். 1980-இல் மேற்குக் கடலோரத்து ப்ளோகோஃப் ஊர்மக்கள், தங்கள் ஊரில் நிலையம் வேண்டாமென்று எதிர்த்து நின்றார்கள். மறு ஆண்டு மித்தெரான் அதிபரானதும் அந்த நிலையம் கைவிடப்பட்டது.

குமாஸ்தாவாகக் கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: கையெழுத்து ஒரு நாளில் விழுந்துவிடும், ஊரார் சம்மதம் அப்படி வராது. இன்று காற்றாலை, சூரிய மின்சாரம் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஊராரோடு உட்கார்ந்து பேசட்டும்.