விளக்கீட்டின் தொன்மை

விழாக்காலத்தே மனையையும் மறுகையும் அணிசெய்தல் தமிழர்க்குப் புதியதன்று. கார்த்திகை விளக்கிற்குச் சங்க நூலிலேயே சான்று உண்டு. அகநானூற்று 141-ஆம் பாடலில் நக்கீரர், மழை நீங்கிய வானில் நிறைமதி அறுமீனைச் சேரும் நள்ளிரவில், மூதூர் மக்கள் தெருவெங்கும் விளக்கேற்றி, மாலைகளைத் தொங்கவிட்டு, பலரும் கூடி விழா எடுத்தமையைக் கூறுகின்றார். அறுமீன் என்பது கார்த்திகை. விளக்கு வைத்த இடம் தெரு என்பதை அன்பர்கள் நோக்குக. தம் மனைக்குள் ஒளி பெருக்கிக் கதவடைத்துக் கொள்வது அணியாகலாம். விழா ஆகாது என்பது எம் கருத்து.

திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் மயிலாப்பூரில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் இரண்டாம் திருமுறையில் உள்ளது. அரவு தீண்டி மாண்ட சிவநேசர் மகளின் எலும்பும் சாம்பலும் இட்ட குடத்தின் முன் அதனைப் பாடினார் என்பது பெரியபுராண வரலாறு. ஓணம், விளக்கீடு, ஆதிரை, பூசம், கடலாட்டு, உத்திரம் முதலிய கபாலீச்சரத்து விழாக்கள் அதில் முறையே வருகின்றன. கார்த்திகை நாள் தொன்மையானது என்று அக்காலத்திலேயே பிள்ளையார் குறிக்கின்றார். நக்கீரரைக் கற்றார்க்கு அது வியப்பன்று. விளக்கீட்டைக் கொண்டாடுவோர் மகளிர் என்றும் கூறுகின்றார். திரி திரித்து, எண்ணெய் வார்த்து, அகல்களை வரிசையிடும் அவர்தம் கைகளுக்கு இன்று மின்விளக்குச் சரங்கள் ஓய்வளித்துவிட்டன. ஒளி மிகுந்தது, இழப்பும் சிறிதன்று. மாண்ட பெண்ணை மீட்க வந்த பிள்ளையார் அவளுக்குப் பொன்னையோ மணவாழ்வையோ எடுத்துக்காட்டினாரல்லர். ஊர் கூடி எடுக்கும் இவ்விழாக்களைக் கண்டு மகிழாமல் செல்வது தகுமோ என்றே திருப்பாட்டுத்தோறும் வினவுகின்றார்.