யாரும் தூண்டாத கால்கள்

ஜனவரி 25 காலையில் மூலக்கொத்தளம் மயானத்துக்குள் நுழைவது எளிதல்ல. மொழிப்போர் ஈகியர் நாள் என்பதால் கட்சிக் கொடிகளும் மாலைகளும் முழக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். நான் பிற்பகலில் போவேன். கூட்டம் கலைந்த பிறகு அங்கே மூன்று பெயர்கள்தான் மிஞ்சியிருக்கும்: நடராசன், தாளமுத்து, தருமாம்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவிகள் சிலரை அழைத்துப் போயிருந்தேன். காசிமேடு, எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பிள்ளைகள். 1938இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை வகுப்பில் நடத்தி முடித்திருந்த வாரம் அது. திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்த தமிழர் படையைப் பற்றிய எண்களெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 42 நாள்கள், 577 மைல், 234 சிற்றூர்கள், 60 பேரூர்கள், சுமார் நூறு பேர். அந்த நூறு பேரில் ஒரே பெண், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

திருவொற்றியூர் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேம், அந்தம்மா ராத்திரில எங்க மேம் தூங்கியிருப்பாங்க?”

பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அவளுடைய அம்மா இருட்டோடு எழுந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர். நடப்பதென்றால் ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். முனைவர் பட்டத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.

1938 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. முதலமைச்சர் இராஜாஜி. எட்டாண்டுகளுக்கு முன், 1930 ஏப்ரலில், இதே திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களை நடத்திச் சென்றவரும் அவரே. அந்த நடைக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நெடுநடை என்பது நடப்பவர்களின் காலை மட்டும் நம்பியதல்ல, வழியிலுள்ள ஊர்களின் அடுப்பையும் நம்பியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த அடுப்புகளை ஊதியவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த நூலிலும் இல்லை.

அதே 1930இல் தண்டிக்குக் காந்தியுடன் புறப்பட்ட 78 பேரும் ஆண்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெண்கள் கேட்டார்கள், காந்தி மறுத்துவிட்டார். வேதாரண்யத்தில் கைதான ருக்மணி லட்சுமிபதி போன்றவர்கள் அந்தக் கதவைத் தாங்களே திறந்துகொண்டார்கள். சாலையில் நாள்கணக்காக ஆண்களோடு பெண்ணும் நடப்பது தேசிய இயக்கத்துக்கே தயக்கமாக இருந்த காலம் அது.

அப்படியிருக்க, 1938 ஆகஸ்ட் 1 அன்று 55 வயதுப் பெண்ணொருத்தி நூறு ஆண்களுடன் திருச்சியில் காலெடுத்து வைத்தார். படைக்கு முன்னால் நின்றவர்கள் ஐ. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரி, இராமாமிர்தம். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாள்கள். காவிரியில் புதுவெள்ளம், சாலையில் ஆடிக்காற்றின் புழுதி. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சராசரி 14 மைல். வழியில் எண்பதுக்கும் மேற்பட்ட பொதுக்கூட்டங்கள். நடந்த களைப்போடு மேடையேறி, தொண்டை வறளப் பேசிவிட்டு, மறுநாள் விடியலில் மீண்டும் நடை.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். நூறு ஆண்கள் எந்தத் திண்ணையிலும் துண்டை விரித்துப் படுக்கலாம். எந்தப் படித்துறையிலும் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குளிக்கலாம். எந்த நேரமும் வரப்புக்கு அப்பால் ஒதுங்கலாம். பெண்ணுக்கு விடியலுக்கு முன் ஒரு பொழுது, இருட்டிய பின் ஒரு பொழுது, இரண்டுதான் உண்டு. நனைந்த புடவை காயும்வரை நின்றால் படை போய்விடும். ஆகவே அவர் நடந்த 577 மைலும் அவர்கள் நடந்த 577 மைலும் ஒன்றல்ல. தோழமை என்று நாம் சொல்வது முழக்கத்தில் இல்லை. நூறு பேரின் நேரம் ஒருத்தியின் நேரத்துக்காகச் சற்று நின்று நகர்கிறதா என்பதில் இருக்கிறது. அவர் 42ஆம் நாளும் படையில் இருந்தார் என்பதால், அந்த ஆண்களில் சிலராவது அதைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

இன்னொரு சுமையையும் அவர் தூக்கி நடந்தார். தமிழில் ‘பொது’ என்ற சொல் ஆணோடு சேர்ந்தால் பொதுவாழ்வு, பொதுத்தொண்டு. பெண்ணோடு சேர்ந்தால் பொதுமகள். சிறுமியாக இருந்தபோது பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர் இராமாமிர்தம். அந்த வாழ்விலிருந்து தப்பி, தமக்கு இசை கற்றுக்கொடுத்த சுயம்புப் பிள்ளையைத் துணைவராக்கிக்கொண்டார். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1936இல் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதினார். அவர் பொதுச்சாலையில் ஆண்களோடு நடந்தால் பழிக்கச் சொல் தயாராக இருந்தது. அந்தச் சொல்லின் மீதுதான் அவர் 42 நாள் நடந்தார். தேவரடியார்களின் பெயர்களைக் கல்வெட்டில் சுமந்து நிற்கும் கோயிலுள்ள ஊர் திருவொற்றியூர். அங்கிருந்து வந்த பெண் ஒருத்தி இந்தக் கேள்வியைக் கேட்டதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

சிலம்பில் புகாரிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுவழியில் கண்ணகிக்குத் துணையாகக் கவுந்தியடிகள் நடக்கிறார். இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது, வழியில் பெண்ணுக்கு ஒரு பெண் துணை வேண்டும் என்று. இராமாமிர்தத்துக்குக் கவுந்தி இல்லை. அவரே தமக்குக் கவுந்தி.

செப்டம்பர் 11 அன்று படை சென்னை சேர்ந்தது. அன்று கடற்கரையில் நடந்த கூட்டம், ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்று பெரியார் முழங்கிய கூட்டமாக வரலாற்றில் நிற்கிறது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, வால்டாக்ஸ் சாலை ஒற்றவாடை நாடகக் கொட்டகையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. அது ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் கொடுத்த மாநாடாக நிற்கிறது. பெண்கள் நடந்ததும் கூடியதும் இப்படி ஓர் ஆணின் வாழ்க்கை வரலாற்றில் தேதிகளாக மாறிவிட்டன.

மறுநாள், நவம்பர் 14. தங்கசாலைத் தெருவின் இந்து தியாலஜிக்கல் பள்ளி முன் மறியல் செய்து கைதானவர்கள் ஐந்து பெண்கள்: டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், தம் குழந்தைகளோடு வந்த சீதம்மாள். ஆறு வாரச் சிறை. அதன் பிறகு பெண்கள் அணி அணியாக வந்தார்கள். போராட்டம் முடியும்போது தண்டிக்கப்பட்ட 1,179 பேரில் பெண்கள் 73 பேர். தாய்மாரோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32.

அரசு என்ன செய்தது? பெண்களை மறியலுக்குத் தூண்டினார் என்று பெரியார் மீது வழக்குத் தொடுத்து, டிசம்பரில் தண்டித்தது. பெரியார் பேசியது உண்மை. அவர் பேச்சுக்கு வலிமை இருந்ததும் உண்மை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: பெண்ணின் கால் தானாக நகராது, யாராவது ஓர் ஆண் நகர்த்த வேண்டும். அரசாங்கம் குற்றமாகச் சொன்ன அதே வாக்கியத்தை நாம் புகழுரையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரியாரின் பேச்சால் எழுச்சி பெற்றுப் பெண்கள் களம் புகுந்தனர் என்றுதான் நானும் எழுதிப்போட்டு வந்தேன்.

மாநாட்டுப் பேச்சு நவம்பர் 13. இராமாமிர்தம் நடக்கத் தொடங்கியது ஆகஸ்ட் 1. குற்றப்பத்திரிகையைப் பொய்யாக்க இந்த இரண்டு தேதிகள் போதும்.

சிறையில் நோயுற்ற நடராசன் 1939 ஜனவரியில் இறந்தார், தாளமுத்து மார்ச்சில். இருவரையும் மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி விலக்கப்பட்டது. பின்னாளில் தருமாம்பாளும் அதே மண்ணுக்கு வந்து சேர்ந்தார். திருச்சியில் தொடங்கிய சாலை வால்டாக்ஸ் சாலை, தங்கசாலை வழியாக வடசென்னையின் இந்த மயானத்தில்தான் முடிகிறது என்று எனக்குத் தோன்றும். இராமாமிர்தம் 1962 வரை வாழ்ந்தார். தேவதாசி முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்ணால் பார்த்தார். அவர் பெயரில் 1989இல் வந்த திருமண உதவித் திட்டம், இன்று உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கான மாத உதவித்தொகையாக மாறியிருக்கிறது. அன்று என்னோடு வந்தவர்களின் தங்கைகள் சிலர் அதை வாங்குகிறார்கள்.

மயானத்திலிருந்து திரும்பிய வாரம் என் வகுப்புக் குறிப்பில் ஒரு வாக்கியத்தை அடித்தேன். இப்போது அங்கே இப்படி இருக்கிறது: “ஆகஸ்டிலேயே ஒரு பெண் நடக்கத் தொடங்கியிருந்தார், நவம்பரில் மற்றவர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.” அதன் கீழே, தேர்வில் வராத ஒரு கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்: அந்தம்மா இரவில் எங்கே தூங்கியிருப்பார்?