15 ஆண்டுகள் காத்திருந்த ஷாட்

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ‘செல்ஸீ ஆர்ட்ஸ் பால்’ நடன விருந்தில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குக்கு ஒருமுறை போதை தலைக்கேறிவிட்டது. கால்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன; எதிரே இருப்பதெல்லாம் தன்னைவிட்டு விலகி விலகிப் போகிறது. அந்த உணர்வை அவர் மறக்கவே இல்லை. ‘ரெபெக்கா’ (1940) படத்தில் நாயகி ஜோன் ஃபான்டேன் மயங்கும் கட்டத்தில் அதைத் திரைக்குக் கொண்டுவரப் பார்த்தார். கைகூடவில்லை. அதன்பின் சுமார் 15 ஆண்டுகள் அதையே யோசித்துக்கொண்டிருந்ததாக 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படி என்ன சிக்கல்? கேமராவை டிராலியில் வைத்து முன்னே தள்ளினால் அருகில் இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் பெரிதாகும். நகர்த்தாமல் ஜூம் செய்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதாகும். ஹிட்ச்காக் கேட்டது இரண்டுமல்ல. அருகில் இருப்பது அப்படியே இருக்க வேண்டும். தொலைவு மட்டும் நீள வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில், எதிரெதிராகச் செய்வதுதான் விடை. 25 மி.மீ. லென்ஸுக்கு 2 மீட்டர் முன்னால் ஒருவர் நிற்கிறார், அவருக்கு 10 மீட்டர் பின்னால் ஒரு சுவர் என்று வைத்துக்கொள்வோம். டிராலியை 8 மீட்டர் தூரத்துக்குப் பின்னிழுத்துக்கொண்டே லென்ஸை 100 மி.மீ.க்குக் கொண்டுபோங்கள். தூரமும் நான்கு மடங்கு, லென்ஸும் நான்கு மடங்கு. ஆளின் அளவு துளியும் மாறாது. ஆனால் கேமராவிலிருந்து சுவரின் தூரம் 12 மீட்டரிலிருந்து 18 ஆகத்தான் கூடியிருக்கிறது. அதனால் சுவர் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் பெருத்து அவர் முதுகோடு வந்து ஒட்டும். இதையே தலைகீழாகச் செய்தால், சுவர் விலகி ஓடும். டிராலி தள்ளுபவர், ஜூம் வளையத்தைத் திருப்புபவர், ஃபோகஸ் புல்லர் ஆகிய மூவரின் கைகளும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் முன்னால் நிற்கும் ஆள் பெருத்துச் சிறுத்து, மாயம் கலைந்துவிடும்.

‘வெர்டிகோ’வில் (1958) இதற்கான இடம் வாய்த்தது. உயரத்தைக் கண்டாலே நடுங்கும் முன்னாள் துப்பறிவாளர் ஸ்காட்டியாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். காதலியைத் துரத்தி மணிக்கூண்டுப் படிகளில் ஏறுகிறவர் கீழே எட்டிப் பார்க்கிறார். படிக்கட்டின் நடுக்குழி ஒரு கணத்தில் பாதாளமாக நீள்கிறது.

கேமராவை அத்தனை உயரத்துக்குத் தூக்கி, எடைக்கு எடை கட்டி, அந்தரத்தில் நிறுத்தி இயக்க 50,000 டாலர் ஆகும் என்றார்கள். திரையில் சில நொடிகளே வரும் ஷாட்டுக்கு இவ்வளவா? ஷாட்டில் மனிதர்கள் யாருமே இல்லை, ஸ்காட்டியின் பார்வை மட்டும்தானே என்று ஹிட்ச்காக் யோசித்தார். பிறகு படிக்கட்டுக்கு ஒரு மினியேச்சர் செய்து, அதைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டுவிட்டார்கள். செங்குத்துப் பள்ளம் சமதரையாகிவிட்டது. கேமரா தரையிலேயே நகர்ந்தது. செலவு 19,000 டாலர். அந்த ஷாட்டை நூறு முறை பார்த்தாலும் கிடத்திய பொம்மைப் படிக்கட்டு என்று கண்ணுக்குத் தோன்றாது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

இந்த உத்திக்கு வடிவம் கொடுத்தவர் இர்மின் ராபர்ட்ஸ், பாராமவுண்ட் ஸ்டுடியோவின் இரண்டாம் யூனிட் ஒளிப்பதிவாளர். ‘ஸ்பான் ஆஃப் தி நார்த்’ (1938) தந்திரக் காட்சிகளுக்காகச் சிறப்பு ஆஸ்கர் பெற்ற குழுவில் இருந்தவர். ‘வெர்டிகோ’ டைட்டிலில் அவர் பெயர் இல்லை. அன்றைய ஸ்டுடியோ வழக்கம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். என்னால் ஏற்க முடியவில்லை. உலகமே ‘வெர்டிகோ ஷாட்’ என்று கொண்டாடும் ஒன்றைச் செய்த கை, படத்தின் பெயர்ப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் ‘ஜாஸ்’ (1975) படத்தில் இந்த உத்தியை மனித முகத்துக்குக் கொண்டுவந்தார். கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் போலீஸ் அதிகாரி பிராடி, சுறா தாக்குவதைக் காணும் கணத்தில் அவர் பின்னால் இருக்கும் கரை சடாரென்று விலகுகிறது. மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) படத்திலோ அவசரமே இல்லை. உணவகத்தில் ராபர்ட் டி நீரோவும் ரே லியோட்டாவும் எதிரெதிரே பேசிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே உள்ள தெரு, பார்ப்பவர் கவனிக்காத நிதானத்தில் நெருங்கி வருகிறது. நண்பனே தன்னைக் கொல்லப்போகிறான் என்பது லியோட்டாவுக்குப் புரிவதும் அந்த மேசையில்தான்.

(தொடரும்)